காத்திருக்கும் குரல்



வானொலிக்கு ஒரு குணம் உண்டு. அது நமக்காகக் காத்திருப்பதில்லை. மாலை ஆறேகால் மணிக்கு ஒரு பேச்சு என்று அறிவிக்கப்பட்டால், அந்நேரத்தில் பெட்டியின் முன் இருப்பவருக்கே அது உரியது. ஏழு மணிக்கு ஆலையிலிருந்து திரும்புகிறவருக்கு அது காற்றோடு போன பேச்சுத்தான். சொந்த ஊரில் வாழ்பவருக்கு இது பெருங்குறையாகத் தோன்றாது. ஒன்று போனால் மற்றொன்று வரும். மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ பிழைப்பை முன்னிட்டு வாழும் தமிழருக்கு அவ்வாறன்று. அங்கே காற்றில் வரும் தமிழ் அளவானது. அந்த அளவான நேரமும் அவருடைய வேலை நேரத்தோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராதபோது, தமிழ்ப் பேச்சைக் கேளாத நாட்கள் வாரங்களாகின்றன; வாரங்கள் வருஷங்களாகின்றன.

ஒலிபரப்பின் இந்தக் குணத்தை மாற்றிய புதுமை ஒன்று 2000-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அமெரிக்காவில் உருப்பெற்றது. அதனைப் பாட்காஸ்ட் என்கிறார்கள். தமிழில் வலையொலி என்று வழங்குகிறோம். அது எவ்வாறு எழுந்தது, எதனால் வளர்ந்தது, அன்றாட வாழ்வில் அதனை நாம் எவ்வாறு கையாள்வது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதல்லவா? அந்த வழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்பதைக் காணலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இணையத்தின் வழியே பேச்சைக் கேட்பது வலையொலியோடு தொடங்கியதன்று. 1993-இலேயே கார்ல் மலமூட் என்னும் அமெரிக்கர், கணினி நிபுணர்களோடு உரையாடி, அவ்வுரையாடல்களை ஒலிக்கோப்புகளாக இணையத்தில் வைத்தார். கனடா நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி.யும் தனது விஞ்ஞான நிகழ்ச்சியாகிய 'குவர்க்ஸ் அண்ட் குவார்க்ஸ்' என்பதை அக்காலத்திலேயே பரிசோதனையாக இணையத்தில் ஏற்றியது. இந்தக் கனடா நிகழ்ச்சியைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு வழக்கில் அதனை மீண்டும் சந்திப்போம். எனினும், இம்முயற்சிகள் பொதுமக்களிடம் பரவவில்லை. அதற்கு மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை, ஒலியின் பருமன். இசைத்தட்டில் உள்ள தரத்தில் ஒரு நொடி ஒலியைக் குறிக்க ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் உழைத்து உருவாக்கிய எம்.பி.3 என்னும் முறை, இதனை 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கியது. அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. மனிதச் செவியால் பிரித்துணர முடியாத ஒலிகளைக் கழித்துவிட்டு, உணரத்தக்கவற்றை மட்டும் காப்பதே இதன் இரகசியம். இசை இல்லாத வெறும் பேச்சுக்கு 64 கிலோபிட்டே போதும்.

இரண்டாம் தடை, கம்பியின் வேகம். 2000-ஆம் ஆண்டில் பெரும்பாலான வீடுகள் தொலைபேசிக் கம்பியின் வழியாகவே இணையத்தை எட்டின. அதன் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 128 கிலோபிட் தரத்தில் பதிவான அரைமணி நேர நிகழ்ச்சி கணினிக்கு வந்துசேர, கம்பி முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு மணிக்கு மேல் ஆகும். அரைமணி கேட்பதற்கு ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை உண்டு?

மூன்றாம் தடை, நாமே போய்த் தேட வேண்டிய சிரமம். இன்று புதிய நிகழ்ச்சி வந்ததா என்று நாள்தோறும் ஒவ்வோர் இடமாகச் சென்று பார்த்து வருவது, பத்திரிகை வெளியாயிற்றா என்று நாள்தோறும் அச்சுக்கூடத்துக்கு நடந்துபோய்க் கேட்பதைப் போன்றது.

முதல் தடையை எம்.பி.3 நீக்கிற்று. மற்ற இரண்டையும் ஒரே யோசனையால் நீக்கலாம் எனக் கண்டவர் ஆடம் கரி. இவர் எம்.டி.வி. என்னும் இசைத் தொலைக்காட்சியில் அறிவிப்பாளராக இருந்து பெயர் பெற்றவர். கம்பி மெதுவாக இருந்தால் இருக்கட்டும். மனிதர்கள் உறங்கும்போது கணினி உறங்க வேண்டியதில்லையே! இரவெல்லாம் அது மெல்ல மெல்லக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளட்டும். காலையில் எழுந்தவுடன் காத்திராமல் கேட்கலாம். இதுதான் யோசனை. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகரில் டேவ் வைனர் என்னும் மென்பொருள் ஆசிரியரைக் கண்டு, கரி இதனை எடுத்துரைத்தார்.

வைனரிடம் இதற்கேற்ற கருவி ஒன்று முன்பே இருந்தது. ஆர்.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். ஓடை என்று நாம் அழைக்கலாம். ஓர் இணையதளத்தில் புதிதாக வந்தவற்றின் தலைப்பு, தேதி, முகவரி ஆகியவற்றைக் கணினிக்குப் புரியும் வகையில் வரிசைப்படுத்திய பட்டியலே ஓடை. அதுவரை அப்பட்டியல் எழுத்தை மட்டுமே சுட்டி வந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வைனர் அதில் ஒரு புதிய வரியைச் சேர்த்தார். ஒலிக்கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது, அதன் அளவு என்ன, வகை என்ன என்ற மூன்றையும் அந்த வரி கூறும். 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் இசைக்குழுவின் பாடலை இணைத்து அதனைச் சோதித்தும் காட்டினார்.

ஒரு வரியைச் சேர்த்தது அவ்வளவு பெரிய காரியமா என்று தோன்றலாம். சந்தா கட்டிய சஞ்சிகையை எண்ணிப்பாருங்கள். ஒருமுறை முகவரி கொடுத்துவிட்டால், பிறகு ஒவ்வோர் இதழும் தானே வாசலுக்கு வருகிறது. வலையொலியின் சந்தாவும் அத்தகையதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சஞ்சிகைச் சந்தாவில் நமது முகவரியை ஆசிரியரிடம் தருகிறோம். இங்கே ஆசிரியரின் முகவரியை நாம் வைத்துக்கொள்கிறோம். நமது கருவி அவருடைய ஓடையை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியது இருந்தால் எடுத்து வருகிறது. நாம் யார், எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் முகவரியை அழித்துவிட்டால் போதும். நடுவில் தரகர் இல்லை. அனுமதி அளிக்கும் அதிகாரியும் இல்லை. இந்த ஏற்பாட்டை வைனர் வெளிப்படையாக எழுதி வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

அதன் பின்னர் இரண்டு ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. விதை மண்ணில் கிடந்தது. அதற்கிடையே 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் என்னும் கையடக்க இசைப்பெட்டியை அறிமுகப்படுத்தியது. ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் விளம்பரம். பாடல்களுக்காகச் செய்த பெட்டிதான். ஆனால் பேச்சும் அதில் அடங்கும் என்பதைச் சிலர் கண்டுகொண்டனர்.

2003-ஆம் ஆண்டு கோடையில் அடுத்த படி எடுத்து வைக்கப்பட்டது. கிறிஸ்டபர் லைடன் பாஸ்டன் நகர வானொலியில் புகழ்பெற்ற உரையாடல் நிகழ்ச்சியை நடத்தி வந்தவர். நிகழ்ச்சியின் உரிமை பற்றிய பிணக்கினால் 2001-இல் அந்நிலையத்தைவிட்டு நீங்கியவர். ஹார்வார்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்தில் அப்போது வைனரும் ஆய்வாளராக இருந்தார். லைடன் நேர்முக உரையாடல்களைப் பதிவு செய்தார். வைனர் அவற்றை ஓடையில் இணைத்தார். நிலையம் இல்லாத ஒரு வானொலிக்காரர், நிலையம் இல்லாமலே நேயர்களை அடைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அங்கே கூடிய மாநாட்டில், கெவின் மார்க்ஸ் என்னும் பொறியாளர், ஓடையிலிருந்து ஒலிக்கோப்பு தானாகவே இறங்கி ஐபாடில் ஏறும் முறையைச் செய்து காட்டினார். கரியும் அதே வேலைக்காக ஒரு சிறு நிரலைத் தாமே எழுதினார்; பிற நிரலாசிரியர்கள் அதனைச் செம்மைப்படுத்தினர். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கரி தமது தினசரி நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

பெயரும் அவ்வாண்டில்தான் பிறந்தது. பிரிட்டனின் கார்டியன் இதழில் பென் ஹாமர்ஸ்லி என்னும் எழுத்தாளர், 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தப் புதிய ஒலிபரப்பைப் பற்றி எழுதுகையில், இதற்கு என்ன பெயரிடலாம் என்று இரண்டு மூன்று சொற்களை முன்வைத்தார். அவற்றுள் ஒன்று 'பாட்காஸ்டிங்'. ஐபாடின் வாலும் பிராட்காஸ்டின் வாலும் ஒட்டிய சொல். அச்சொல் உடனே பரவிவிடவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் டாக் சர்ல்ஸ் என்னும் எழுத்தாளர் கூகிளில் 'பாட்காஸ்ட்ஸ்' என்று தேடியபோது கிடைத்தவை 24 இடங்களே. ஓராண்டில் அது இலட்சக்கணக்காகப் பெருகும் என்று அவர் எழுதினார். அவர் சொன்னதைவிட மிகுதியாகவே பெருகிற்று.

அந்த முதல் வலையொலிக்காரர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள்? பெரும்பாலோர் கணினித் தொழிலில் இருந்தவர்கள். எனவே, தமது கையிலிருந்த கருவிகளைப் பற்றியே அதிகம் பேசினர். எந்த ஒலிவாங்கி நல்லது, இரைச்சலை எப்படி நீக்குவது, கணினி மந்தமானால் என்ன செய்வது என்பன போன்றவை. 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் லியோ லப்போர்ட் தொடங்கிய 'திஸ் வீக் இன் டெக்' என்னும் வார நிகழ்ச்சி இவ்வகையில் முன்னோடி. அவரும் அவருடைய தோழர்கள் சிலரும் கணினி பற்றிய தொலைக்காட்சி ஒன்றில் பணியாற்றியவர்கள். அத்தொலைக்காட்சி 2004-இல் வேறொன்றுடன் இணைக்கப்பட்டு உருமாறிய பின், தாமே கூடிப் பேசிப் பதிவு செய்து வெளியிட்டனர். 2006-இல் மிக்னான் ஃபோகார்ட்டி என்னும் விஞ்ஞான எழுத்தாளர், ஆங்கில இலக்கணக் குறிப்புகளைச் சில நிமிஷப் பேச்சுகளாக வழங்கத் தொடங்கிப் பெரும் வரவேற்புப் பெற்றார். ஒரு வேளைக்கு ஒரு குறிப்பு. அதற்கு மேல் இல்லை. இந்தச் சிக்கனமே அவருடைய வெற்றிக்கு ஒரு காரணம்.

கைக்கு உதவும் ஒரு சிறு செய்தியை நம்பத்தக்க குரல் ஒன்று சொல்லும்போது, அது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பது நமக்குப் புதிதன்று. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் ஏ.டி.டி. 27 என்னும் நெல் இரகத்தைப் பற்றி எடுத்துச் சொல்லின. தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டனர். சாகுபடியானாலும் கைப்பேசியானாலும், தெரிந்தவர் ஒருவர் அருகே அமர்ந்து சொல்வதுபோல் கேட்பதில் ஒரு தெம்பு உண்டு.

ஆனால் வானொலிக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை. ஒரு நிலையத்தின் அலை சென்றெட்டும் வட்டத்துக்குள் போதிய நேயர்கள் இருந்தால்தான் ஒரு நிகழ்ச்சிக்கு நேரம் ஒதுக்க இயலும். நேரம் இருபத்துநான்கு மணிதான், மொழிகளோ பல. ஓடைக்கு அந்த வட்டமும் இல்லை, நேரப் பங்கீடும் இல்லை. நாக்பூரில் பத்துப் பேர், சூரத்தில் இருபது பேர், ஜாம்ஷெட்பூரில் முப்பது பேர் என்று சிதறிக் கிடப்பவர்களும் ஒரு சபையாகச் சேரலாம். சிதறி வாழும் மக்களுக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு இது.

2005-ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று ஆப்பிள் நிறுவனம் தனது ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளுக்கு இடம் கொடுத்தது. முதல் நாளில் அட்டவணையில் இருந்தவை மூவாயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள். இரண்டே நாட்களில் பத்து இலட்சம் சந்தாக்கள் பதிவாயின. அவ்வாண்டு இறுதியில் 'பாட்காஸ்ட்' என்பதையே ஆண்டின் சொல்லாக நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அறிவித்தது. பதினைந்து மாதங்களில் 24 இடங்களிலிருந்து அகராதிக்கு ஏறிய சொல்! பெரிய நிறுவனம் களத்தில் இறங்கியதும் சிறியவர்கள் திணறினர். வலையொலிக்கென்றே தொடங்கப்பட்ட ஓடியோ என்னும் கம்பெனி, வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. 2006-இல் அங்கே பிறந்த மாற்று யோசனைதான் ட்விட்டர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் அட்டவணையைத்தான் வைத்திருந்தது, நிகழ்ச்சிகளை அன்று. ஓடைகள் அவரவர் இடத்திலேயே இருந்தன. அட்டவணையில் இல்லாத நிகழ்ச்சியையும் முகவரி தெரிந்தால் கேட்கலாம். ஐடியூன்ஸ் பிடிக்காவிட்டால் வேறு மென்பொருளால் கேட்கலாம். கடைவீதியில் பெரிய பலகை ஒன்று மாட்டியவர், வீதியையே வாங்கிவிடவில்லை.

வீதியையே தமது என்று சொன்னவரும் வந்தனர். பெர்சனல் ஆடியோ என்னும் அமெரிக்கக் கம்பெனி, தொடர் நிகழ்ச்சிகளை இவ்வாறு வெளியிடும் முறைக்கே தனக்குக் காப்புரிமை உண்டு என்றது. 1996-ஆம் ஆண்டின் விண்ணப்பத்தை அடியாகக் காட்டி 2012-இல் காப்புரிமை பெற்று, 2013-இல் ஆடம் கரோலா என்னும் நகைச்சுவையாளர் முதலிய வலையொலிக்காரர்கள் மீது வழக்குத் தொடுத்தது. வீட்டு அறையில் அமர்ந்து பேசுகிறவர்கள் ஒவ்வொருவரும் கப்பம் கட்ட நேருமோ என்ற அச்சம் பரவியது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அறநிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி அக்காப்புரிமையை எதிர்த்தது. 1996-க்கு முன்பே இவ்வாறு செய்தவர் உண்டா என்பதே கேள்வி. உண்டு என்று காட்டின இரண்டு சான்றுகள்: சி.என்.என். தொலைக்காட்சியின் செய்திகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை. மற்றொன்று, நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தக் கனடா வானொலியின் விஞ்ஞான நிகழ்ச்சி. 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் காப்புரிமை அலுவலகத்தின் நடுவர் குழு, வழக்குக்கு அடிப்படையான அவ்வுரிமைக் கோரிக்கைகள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது. 2017-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. பொது ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று, இலாபம் கருதாது என்றோ செய்து பார்த்த சிறு முயற்சி, இருபது ஆண்டுகள் கழித்து முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரின் உரிமைக்கு அரணாக நின்றது.

அபாயம் அத்தோடு தீர்ந்ததா? இல்லை, வடிவம் மாறியது. இன்று பல நிகழ்ச்சிகள் ஒரே ஒரு கம்பெனியின் செயலிக்குள் மட்டும் கேட்கும்படி வைக்கப்படுகின்றன. அவற்றுக்கு வெளிப்படையான ஓடை இல்லை. கம்பெனி கதவைச் சாத்தினால் குரலும் உள்ளேயே அடைபடும். இதற்கு மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. 2024-இல் கூகிள் நிறுவனம் தனது கூகிள் பாட்காஸ்ட்ஸ் செயலியை மூடிவிட்டது. அதில் ஏராளமானோர் சந்தாப் பட்டியல்களை வைத்திருந்தனர். ஆனால் அப்பட்டியலை ஓ.பி.எம்.எல். என்னும் சிறு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலியில் புகுத்த முடிந்தது. அக்கோப்பு முறையும் முதலில் வைனரின் கம்பெனியில் உருவானதே. செயலி போயிற்று, ஓடைகள் போகவில்லை, நிகழ்ச்சிகள் ஓரிடமும் நகரவில்லை. திறந்த வழியின் பயன் இத்தகைய நாளில்தான் விளங்குகிறது.

இனி, நமது கைப்பேசியில் செய்துகொள்ளத்தக்க சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

வலையொலிச் செயலி ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஓடையின் முகவரியை நாமே எழுதிச் சேர்க்க இடம் தருகிறதா? சந்தாப் பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்க விடுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது நல்ல செயலி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பட்டியலை எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். தமிழ் நிகழ்ச்சிகளைத் தேடும்போது தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். ஒன்றில் அகப்படாதது மற்றொன்றில் அகப்படும்.

வைஃபை உள்ள இடத்தில் மட்டும் இறக்கிக்கொள்ளும்படி செயலியில் அமைத்துவிடுங்கள். அரைமணிப் பேச்சு 64 கிலோபிட் தரத்தில் சுமார் 14 மெகாபைட்தான். ஆனால் நாள்தோறும் நான்கு என்றால் மாதத்தில் 1,700 மெகாபைட்டை எட்டும். கேட்டு முடித்ததைத் தானே அழித்துவிடும் வசதியையும் இயக்கி வையுங்கள், இடம் அடையாது. மும்பையிலிருந்து கொங்கண் வழியாகத் திருநெல்வேலிக்குப் பயணம் செய்கிறவர்கள், புறப்படும் முன்பே பத்து நிகழ்ச்சிகளை இறக்கிக்கொள்வது நன்று. சுரங்கத்துக்குள் இணையம் நின்றாலும் குரல் நிற்காது. ஆடம் கரியின் பழைய யோசனை, இன்றைய வேகமான காலத்திலும் இரயில்பெட்டிக்குள் உயிரோடு இருக்கிறது.

பேச்சின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செயலிகளில் வசதி உண்டு. வெளிமாநிலப் பள்ளியில் வேறு மொழியில் படிக்கும் குழந்தைகளுக்கு, தமிழ்க் கதைகளைச் சற்றே வேகம் குறைத்துக் கேட்கச் செய்யுங்கள். ஒரே கதையை மூன்று நாள் கேட்கட்டும். எழுத்து பின்னால் வரும். காது முதலில் பழக வேண்டும்.

செவியையும் காக்க வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரத்துக்கு மேல் கேளாதிருப்பது நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒலியின் அளவை அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாமலிருப்பது எளிய வழி. சாலையைக் கடக்கும்போது காதுக்கருவியைக் கழற்றிவிடுங்கள்.

கைப்பேசி பற்றிய குறிப்புகளைக் கேட்கும்போது, அது எந்த ஆண்டில் பேசப்பட்டது என்று முதலில் பாருங்கள். நெல் விதைக்கும் முறை பத்தாண்டு நிற்கும். கைப்பேசியின் அமைப்பு ஓராண்டில் மாறிவிடும். வானொலியில் ஒரு பேச்சு ஒலிபரப்பாகும் முன் அதனைப் படித்துப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் உண்டு. வலையொலியில் அந்த ஆசிரியர் வேலை கேட்பவரிடமே விடப்பட்டிருக்கிறது. யார் பேசுகிறார், அவருக்கு அதில் என்ன இலாபம் என்று எண்ணிப்பாருங்கள். பணமோ மருந்தோ சம்பந்தப்பட்ட குறிப்பானால் மற்றோரிடத்தில் விசாரிக்காமல் கைக்கொள்ள வேண்டா. வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்ல வேண்டா.

இறுதியாக, கேட்பதைவிட அருமையான காரியம் ஒன்று. அந்த முதல் வலையொலிக்காரர்கள் நமக்குக் கற்பித்தது, பேசுவதற்கு மாளிகை வேண்டியதில்லை என்பதே. உங்கள் கைப்பேசியிலேயே ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, அம்மாவையோ தாத்தாவையோ உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், துணிமணிகள் நிறைந்த அறை நல்லது, எதிரொலி குறையும். கைப்பேசியை விமான முறையில் வைத்துவிட்டால் இடையில் அழைப்பு வராது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். முதலில் ஒரு நிமிஷம் பதிந்து கேட்டுப் பாருங்கள். கோப்புக்குப் பெயரும் தேதியும் இட்டு, இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிறருக்கு அனுப்புமுன் பேசியவரின் சம்மதத்தைக் கேளுங்கள். எதைப் பேசச் சொல்வது என்று திகைக்க வேண்டா. சிறு வயதில் தண்ணீர் எங்கிருந்து எடுத்து வந்தார்கள், கல்யாணத்துக்கு எத்தனை நாள் உறவினர் தங்கினார்கள் என்று கேளுங்கள். மற்றவை தாமே வரும்.

ஊரைவிட்டு வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி எடுத்து வருவது அரிசியும் ஊறுகாயும் மட்டுமே. குரலை எடுத்து வருவதில்லை. எடுத்து வர முடியாது என்று எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது முடியும். ஆனால், கருவி தானே அதனைச் செய்துவிடாது. திறந்த வழியைத் திறந்தே வைக்க ஆட்கள் வேண்டும். பதிவு செய்ய ஒரு மகனோ மகளோ வேண்டும். பட்டியலைப் பத்திரப்படுத்தும் பழக்கமும் வேண்டும். இவை இருந்தால், பேசியவர் எந்த ஊரில் இருந்தாலும், கேட்பவர் எந்த மாநிலத்தில் எத்தனை மணிக்கு வேலை முடித்துத் திரும்பினாலும், குரல் காத்திருக்கும்.

இந்த வாரத்திலேயே ஒரு சந்தாவும் ஒரு பதிவும் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.